இலவசமா பிசினஸ் ஆலோசனை சொல்லப் போறீங்களா? முதல்ல கேள்வி கேளுங்க!

"எனக்கு 15 வருஷ பிசினஸ் அனுபவம் இருக்கு. சின்னத் தொழில் பண்றவங்களுக்கு இலவசமா வழிகாட்டணும், எப்படி ஆரம்பிக்கிறது?" அடிக்கடி வரும் கேள்வி இது. பதிலுக்கு முன்னாடி நான் செஞ்ச தப்பைச் சொல்லிடறேன்.

இட்லி மாவு அரைச்சு கடைகளுக்குப் போடும் ஒரு அக்காவுக்கு மென்ட்டாரா இருந்தேன். முதல் நாளே கணக்கைப் பார்த்துட்டு, "மார்ஜின் கம்மி, கிலோவுக்கு 5 ரூபாய் ஏத்துங்க"ன்னு சொன்னேன். ஏத்தினாங்க. ரெண்டு கடைக்காரங்க வேற மாவுக்கு மாறிட்டாங்க. எனக்கு அது ஒரு வரி ஆலோசனை. அவங்களுக்கு அது வீட்டு வருமானம்.

அதுக்கப்புறம்தான் கேள்வி கேட்க ஆரம்பிச்சேன்.

"விக்காத பாக்கெட் என்னக்கா ஆகும்?"

"திரும்பி வந்துடும் தம்பி. வீட்லயும் அக்கம்பக்கத்துலயும் தோசை ஊத்திடுவோம், எதுவும் வீணாகாது."

தினமும் சுமார் 4 கிலோ. அடக்க விலை கிலோ 38 ரூபாய். ஒரு நாளைக்கு 152 ரூபாய், மாசத்துக்கு 4,560 ரூபாய்! பணமா கை மாறாததால எந்த நோட்டிலும் ஏறலை. எந்தக் கடையில, எந்தக் கிழமை, எவ்வளவு திரும்புதுன்னு அவங்களே ஒரு மாசம் எழுதினாங்க. அதுக்கேத்த மாதிரி சப்ளையைக் குறைச்சதும், ரிட்டர்ன் ஒரு கிலோவுக்குக் கீழே வந்துடுச்சு. விலையை ஏத்தாமலே!

இப்போ நான் கடைப்பிடிக்கும் 4 விதிகள்:

1. முதல் இரண்டு சந்திப்பில் கேள்வி மட்டும். வீட்டுப் பணமும் தொழில் பணமும் தனித்தனியா இருக்கா? உங்க உழைப்புக்கான சம்பளத்தைச் செலவுல சேர்த்தீங்களா? யார் எவ்வளவு பாக்கி?

2. பணம் கலக்கக் கூடாது. ஃபீஸ் இல்லை, கைமாத்து இல்லை, லோனுக்கு ஜாமீன் கையெழுத்து கண்டிப்பா இல்லை.

3. உறுதியா தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. உதாரணமா, உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியாத லைசென்ஸ் விஷயம்னா, தெரிஞ்சவங்ககிட்ட அனுப்பிடுங்க.

4. முடிவுத் தேதி வையுங்க. மாசம் 2 மணி நேரம், 6 மாசம். அதுக்கு மேல உங்களையே நம்பி இருந்தாங்கன்னா, நாம சரியா சொல்லித் தரலைன்னு அர்த்தம்.

அமைப்பு மூலமா செய்ய விரும்பினா, பாரதிய யுவ சக்தி டிரஸ்ட் 1992-லிருந்து இளம் தொழில்முனைவோருக்குத் தன்னார்வ மென்ட்டார்களை இணைத்து வருது. இல்லைன்னா, நீங்க தினமும் வாங்கும் கடையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஆனா ஒண்ணு, போன முதல் நாளே விலையை ஏத்தச் சொல்லிடாதீங்க!