ஆறு மாதத்துக்குப் பிறகு எடை ஏன் நின்றுபோகிறது?

‘‘தாய்ப்பால் மட்டும் குடிச்சப்போ கொழுகொழுன்னு இருந்தான். இப்ப எடையே ஏறலையே டாக்டர்!’’ ஆறு மாதம் தாண்டிய குழந்தைகளின் அம்மாக்கள் பலருக்கும் இந்தக் கவலை உண்டு.

பிறக்கும்போது குழந்தையின் உடம்பில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து ஏறக்குறைய ஆறாவது மாதத்தில் குறைய ஆரம்பிக்கிறது. தாய்ப்பாலில் இரும்பு குறைவு. அதனால் தாய்ப்பாலை இரண்டு வயது வரை தொடர்ந்துகொண்டே, இணை உணவும் தரவேண்டும்.

நாம் என்ன தருகிறோம்? ‘ஜீரணமாகாது’ என்று பயந்து, பருப்புத் தண்ணியும் நீர்த்த கஞ்சியும்! குழந்தையின் வயிறு சின்னது. தண்ணீரே அதை நிரப்பிவிட்டால் சத்துக்கு இடம் ஏது? ஸ்பூனைச் சாய்த்தால் கஞ்சி உடனே வழியக்கூடாது. அதுதான் பதம்.

முளைகட்டினால் என்ன லாபம்?

கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்த மாவில் காய்ச்சும் கஞ்சி அதிகம் கெட்டிப்படாது. அதே அளவு தண்ணீரில் கூடுதல் மாவு சேர்க்கலாம். ஒரு சொட்டு நெய்யும் விடுங்கள்.

ஆனால் இருபது தானியம் போட்டு அரைத்தாலும், தானியத்தில் உள்ள இரும்பு முழுசாக உடம்பில் சேராது. முட்டை, ஈரல், மீன் சாப்பிடுகிற வீடு என்றால் நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுங்கள். சைவ வீடுகளில் பருப்பு, கீரையோடு தக்காளி சேர்த்து மசிக்கலாம். திண்டுக்கல் பக்கம் முருங்கைக்கீரைக்கும் சிறுமலை வாழைப்பழத்துக்கும் பஞ்சமா என்ன?

அங்கன்வாடி மாவு மட்டமா?

‘அதெல்லாம் இல்லாதவங்களுக்கு’ என்று ஒதுக்காதீர்கள். அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தரும் சத்துமாவில் தானியம், பருப்பு, வெல்லத்தோடு இரும்பும் வைட்டமின்களும் சேர்க்கப்படுகின்றன. வெல்லம் இருப்பதால் மேற்கொண்டு சர்க்கரை வேண்டாம்.

எட்டு மாதம் வரை தினம் 2-3 வேளை, பிறகு 3-4 வேளை இணை உணவு கொடுங்கள். ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது.

எடைதான் சாட்சி

திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல். அதற்கு முன்பு, 1980-ல், அன்றைய மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மாதந்தோறும் குழந்தைகளை எடைபோட்டு, எடை சரியாக ஏறாத குழந்தைகளுக்கு மட்டும் குறைந்தது 90 நாள் சத்து உருண்டை கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத மெலிவைத் தராசு காட்டிக்கொடுத்தது!

நீங்களும் மாதம் ஒருமுறை எடைபோட்டு, வளர்ச்சி அட்டையில் குறித்துவையுங்கள். பிறக்கும்போது 3 கிலோ என்றால், ஒரு வயதில் சுமார் 9 கிலோ இருக்கவேண்டும். ஒரு மாதம் எடை ஏறாவிட்டால் உணவைக் கவனியுங்கள். அடுத்த மாதமும் ஏறவில்லையா? ‘போகப் போகச் சரியாயிடும்’ என்று இருந்துவிடாமல், குழந்தையையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விடுங்கள்.