மண்ணைப் படித்தவர்களுக்கு ஒரு தலைவி

உயர்தரம் முடித்ததும் மண், நீர், காலநிலை பற்றிப் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். உம்மா மௌனமானார். வாப்பா மட்டும், "மண்ணைப் படிச்சி என்ன செய்யப் போறீங்க மகள்? நாங்க மண்ணுக்குள்ளதானே கிடக்கிறம்" என்று கேட்டார். அவர் வேளாண்மை செய்பவர். அவருக்குப் பதில் தேடியபோதுதான் பமெலா மேட்சன் என்ற விஞ்ஞானியைப் பற்றி அறிந்தேன்.

மேட்சன் 2002 முதல் 2017 வரை அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் புவி விஞ்ஞான பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர். பீடாதிபதி என்றால் கையொப்பம் இடுபவர் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் எந்தத் துறைக்கு விரிவுரையாளரைச் சேர்ப்பது, பணத்தை எதற்குச் செலவிடுவது, எந்தப் பாடநெறியைத் தொடங்குவது போன்ற முடிவுகளுக்கு வழிகாட்டுபவரும் அவரே. மருத்துவ பீடத்தில் எல்லோரும் மனித உடலைப் பற்றியே படிக்கிறார்கள். புவி விஞ்ஞான பீடத்திலோ ஒருவர் கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள பாறையை ஆராய்வார். இன்னொருவர் கடலை, வேறொருவர் எண்ணெய்க் கிணற்றை ஆராய்வார். இவர்களை ஒரே கேள்விக்கு விடை தேட வைப்பதே அங்கு தலைமையின் கடினமான வேலை.

மேட்சன் பாறை ஆய்வாளர் அல்லர், சூழலியலாளர். பலரோடு சேர்ந்து விடை தேடும் முறையை அவர் பதவிக்கு வருமுன்பே ஒரு வயல்வெளியில் பயின்றிருந்தார்.

அது மெக்சிக்கோவின் யாக்கி பள்ளத்தாக்கு. கோதுமை விளையும் பூமி. அங்கே விவசாயிகள் ஹெக்டயருக்குச் சுமார் 250 கிலோகிராம் நைதரசன் இட்டார்கள். அதில் பெரும் பகுதியை விதைப்பதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே இட்டுவிடுவார்கள். உறிஞ்சப் பயிர் இல்லாத வேளையில் இட்ட பசளையில் ஒரு பகுதி நீரோடு கலிபோர்னியா வளைகுடாவுக்குப் போய் அல்காக்களைப் பெருகச் செய்தது. இன்னொரு பகுதி நைதரசு ஒட்சைட்டாக வளியில் கலந்தது. இவ்வாயு காபனீரொட்சைட்டைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக் கூடியது.

மேட்சன், பொருளியலாளர் ரோசமண்ட் நெய்லர், ஒரு பயிர் விஞ்ஞானி ஆகியோர் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். பசளையை 180 கிலோகிராமாகக் குறைத்து, பாதிக்கு மேற்பட்டதைப் பயிர் வளர்ந்த பின் இட்டார்கள். விளைச்சல் குறையவில்லை. பசளைச் செலவு குறைந்தது. வளியில் கலந்த நைதரசனும் வெகுவாகக் குறைந்தது. 1998இல் இம்முடிவு வெளியானது.

ஆனாலும் பெரும்பாலான விவசாயிகள் பழைய முறையை விடவில்லை. ஏன்? அவர்களுக்குக் கடன் கொடுத்த சங்கங்களே பசளை பற்றிய ஆலோசனையும் கொடுத்தன. விவசாயி நம்பியது அந்த ஆலோசனையைத்தான். ஆய்வாளர்கள் அதன் பிறகே அச்சங்களோடு அமர்ந்து பேசத் தொடங்கினார்கள். விடையைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். முடிவெடுப்பவர் யார் என்று அறிந்து அவரோடு பேசுவது மறுபாதி.

இந்தப் பாடத்தோடு வந்தவர் கையில்தான் 1947இல் கனிய விஞ்ஞானத்துக்கென உருவான ஒரு பீடம் ஒப்படைக்கப்பட்டது. 2015இல் அதன் பெயரில் சக்தியும் சுற்றுச்சூழலும் சேர்ந்தன. 2022இல் அது இன்னும் விரிந்து, நிலைபேறான தன்மைக்கென ஒரு புதிய பீடமாயிற்று. அதன் முதல் பீடாதிபதி இந்தியாவில் பிறந்த அருண் மஜும்தார். எண்ணெய்க் கம்பனிகளின் நிதியைப் பெறலாமா என்ற கேள்வி அவரை ஆரம்பத்திலேயே எதிர்கொண்டது. மாணவர்கள் பலர் கூடாது என்றார்கள். அவரோ அக்கம்பனிகளையும் மாறச் செய்ய வேண்டும் என்றார். இத்தகைய கேள்விகளுக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் விடை கிடையாது.

நமக்கும் இது தூரத்துக் கதை அல்ல. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது எங்கள் வயல் மஞ்சளித்து நின்றது நினைவிருக்கிறது. அந்தப் போகத்தில் வாப்பா கடன்பட்டார். பசளையைக் குறைக்கும் எண்ணம் தவறல்ல, யாக்கியிலும் குறைத்தார்கள்தான். ஆனால் அங்கே முதலில் அளந்தார்கள், பரிசோதித்தார்கள், விவசாயியின் செலவையும் கணக்கிட்டார்கள். இங்கே அதற்கு அவகாசம் கொடுக்கப்படவில்லை.

இதையெல்லாம் வாப்பாவிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப அந்த மனிசி வயலுக்குள்ள இறங்கித்தான் படிச்சிருக்கா" என்றார்.

ஆம், சகோதரிகளே. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் துறையும் விவசாய பீடமும் இருக்கின்றன. மருத்துவம், பொறியியல் தவிர வேறு பாதை இல்லை என்று எண்ண வேண்டாம். பெற்றோரே, மண்ணைப் படிக்க விரும்பும் மகளிடம் என்ன வேலை கிடைக்கும் என்று கேளுங்கள்; அது நியாயமான கேள்வி. அதோடு, உங்கள் வயலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்றும் கேளுங்கள். நான் இந்தப் போகத்தில் வாப்பாவோடு வயலுக்குப் போய், எப்போது எவ்வளவு யூரியா எறிகிறார் என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.