தாமரை இலைத் தண்ணீர்போல வளரும் படிகம்!

பொத்தேரி ஸ்டேஷனில் மின்சார ரயில் நின்றதும் கல்லூரி மாணவர்கள் கூட்டமாக இறங்குவார்கள். எல்லார் கையிலும் செல்போன். அதற்குள் இருக்கும் சிப், சிலிக்கான் என்ற செமிகண்டக்டர் படிகத்தை மெல்லிய வில்லைகளாக அறுத்துச் செய்தது. இத்தகைய படிகங்களை எப்படி வளர்க்கிறார்கள் தெரியுமா? மூலப்பொருளை உருக்கி, மெதுவாக உறையவிட்டுத்தான். கேட்கச் சுலபம். ஆனால், உருக்கிய பாத்திரமே படிகத்துக்கு எதிரி!

பாத்திரம் செய்யும் கெடுதல்

கண்ணாடி பாட்டிலில் தண்ணீரை நிரப்பி ஃப்ரீசரில் வைத்தால் விரிசல் விடும். உறையும்போது தண்ணீர் விரிவதுதான் காரணம். சிலிக்கான், ஜெர்மானியம், இண்டியம் ஆன்டிமோனைடு எல்லாம் இதே ரகம். சுவர் இடம் கொடுக்காவிட்டால் படிகம் நெரிபடும். வரிசையாக அடுங்கிய அணுக்கள் பிசகும். சுவரிலிருந்து குட்டிப் படிகங்கள் முளைத்துக் குறுக்கே வளரும். குவார்ட்ஸ் பாத்திரம் என்றால், உருகிய சிலிக்கான் குழம்பில் ஆக்ஸிஜனும் கலக்கும்.

இதனால்தான் மிகத் தூய்மையான சிலிக்கானை இன்றும் பாத்திரமே இல்லாமல் வளர்க்கிறார்கள். செங்குத்தாக நிற்கும் சிலிக்கான் கம்பியில் ஒரு சிறு பகுதியை மட்டும் மின்சுருளால் உருக்கி, அந்த உருகிய வளையத்தை மெல்ல நகர்த்துவார்கள். குழம்பு சிந்தாமல் பிடித்துக்கொள்வது முக்கியமாக அதன் பரப்பு இழுவிசைதான்.

விண்வெளி காட்டிய வழி

1973-ல் அமெரிக்கா ஏவிய ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் இண்டியம் ஆன்டிமோனைடு படிகம் வளர்த்தார்கள். பூமிக்குக் கொண்டுவந்து பார்த்தால் ஆச்சரியம்! குழாய்க்குள் வளர்ந்தும், பல இடங்களில் அது சுவரைத் தொடவில்லை. எடையற்ற சூழலில் குழம்பைச் சுவரோடு அழுத்த எதுவும் இல்லை. தாமரை இலைத் தண்ணீர்போல அது ஒட்டாமல் நின்றது.

பூமியில் குழம்பின் எடையே அதைச் சுவரில் அழுத்துகிறதே, இங்கே முடியுமா? முடியும் என்று காட்டியவர்களில் ஒருவர், மும்பை மித்திபாய் கல்லூரியின் இயற்பியல் ஆய்வாளர் டி.பி.கட்காரி. அடி கூம்பாக உள்ள குவார்ட்ஸ் குழாயில் ஆர்கான் வாயுவை நிரப்பி மூடி, சுமார் 527 டிகிரி செல்சியஸில் உருகும் இண்டியம் ஆன்டிமோனைடை மேலிருந்து கீழாக மெல்ல இறக்கி உறையவைத்தார். விதைப் படிகம் இல்லை, சுவருக்குப் பூச்சும் இல்லை. படிகத்துக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழுந்தது. அணுப் பிசகுகள் குறைந்தன. வெப்பத்தைப் ‘பார்க்கும்’ அகச்சிவப்புக் கேமராக்கள் சிலவற்றுக்குத் தேவைப்படுவது இந்தப் படிகம்தான்.

நம் பக்கத்தில்

பொத்தேரி இருக்கும் அதே செங்கல்பட்டு மாவட்டத்தில், ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள காலவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரியில், படிக வளர்ப்பில் மூத்த விஞ்ஞானியான பேராசிரியர் பி.ராமசாமியின் குழு சோலார் பேனலுக்கான சிலிக்கான் கட்டிகளை ஆராய்ந்திருக்கிறது. அங்கும் அதே தலைவலிதான்: பாத்திரத்திலிருந்து வரும் அசுத்தம், உறையும்போது ஏறும் அழுத்தம்.

சிப் தொழிற்சாலை கட்டப் பல்லாயிரம் கோடி வேண்டும். படிகம் வளர்க்கும் வித்தையை ஒரு கல்லூரி ஆய்வகத்திலேயே தொடங்கலாம். அதற்கு வேண்டியது ஓர் உலை, ஒரு குழாய், நிறையப் பொறுமை!