மனைப் பிரிவு ஒப்பந்தங்களில் நில உடைமையாளர் கவனிக்க வேண்டியவை

வெண்ணெய்க்கும் நெய்க்கும் பெயர்பெற்ற ஊத்துக்குளிப் பகுதியில், திருப்பூர்ப் பனியன் தொழிலின் பெருக்கத்தால் குடியிருப்பு மனைகளை நாடுவோர் மிகுந்துள்ளனர். அதனால் மானாவாரிக் காடுகளை மனைகளாகப் பிரித்து விற்கலாமென்று குடியானவர்களை அணுகுவோரும் பலர். நிலத்தை நேராகக் கிரயம் செய்வதில் சிக்கல் குறைவு. பட்டா குடியானவர் பெயரிலேயே இருக்க, மற்றொருவர் செலவிட்டு மனை பிரித்து விற்று, வரும்படியைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு ஒப்பந்தத்திலேயே கவலைக்கு இடமுண்டு.

இத்தகைய ஒப்பந்தத்தோடு, ‘பவர்’ என வழங்கும் பொது அதிகாரப் பத்திரமும் எழுதி வாங்கப்படுவது வழக்கம். இது கிரயமாகாது என்று 2011ஆம் வருஷத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே, பவர் பெற்றவர் செய்யும் ஒவ்வொரு விற்பனையும் நிலக்காரர் பெயரால் நடைபெறுவதேயாகும். அன்றியும், பவர் பெற்றவருக்கு அந்நிலத்திலேயே பாத்தியதை ஏற்பட்டிருப்பின், 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆம் பிரிவுப்படி, அவர் நலனுக்குப் பங்கம் நேருமாறு பவரை ரத்துச் செய்தல் எளிதன்று.

அனுமதியில்லா மனைகளால் நேர்ந்த இடரைப் பலரும் அறிவர். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பத்திரப்பதிவு செய்யலாகாதென்று உத்தரவிட்டது. அவ்வாண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அமலுக்கு வந்தது. 2017ஆம் வருஷத்து வரன்முறை விதிகள் அத்தேதிக்கு முற்பட்ட மனைப்பிரிவுகளுக்கு உரியனவே. பின்னர்ப் பிரித்தவற்றுக்கு அவை துணையாகா.

மேலும், ‘ரேரா’ எனும் 2016ஆம் வருஷத்து மத்திய சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்தலோ விற்றலோ கூடாது. மனை பிரிப்பவரும் விற்பவரும் வெவ்வேறு நபராயின், இருவருமே கூட்டாகப் பொறுப்பாளிகள். பவர் கொடுத்துவிட்டுத் தமக்குச் சம்பந்தமில்லை என்று குடியானவர் ஒதுங்கிவிட முடியாது.

பங்கு கணக்கிடுவதிலும் கருத்து வேண்டும். உதாரணமாக, 3 ஏக்கர், அதாவது 300 சென்ட் நிலத்தில் சாலைக்கு 60 சென்ட் போவதாகக் கொள்வோம். மீதி 240 சென்டில் நூற்றுக்குப் பத்தாகிய 24 சென்டைப் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும். விற்பனைக்கு நிற்பது 216 சென்டே. ‘சரிபாதி’ என்பது 300க்கோ 216க்கோ என்று எழுதப்படாவிடில் வழக்கு விளையும்.

ஆதலால், கையொப்பமிடுமுன் கவனிக்கத் தக்கவை:

1. ஒப்பந்தமும் பவரும் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாத ஒப்பந்தத்தை நம்பி நிலத்தின் அனுபோகத்தை ஒப்படைத்தலாகாது.

2. முதலில் அனுமதி பெறுவதற்கு மட்டும் பவர் அளித்து, நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதியும் ரேரா பதிவும் கிடைத்த பின்னரே விற்பனைக்குப் பவர் அளித்தல் நலம்.

3. சாலை, வடிகால், குடிநீர் வேலைகள் முடியவேண்டிய தேதியும், தவறினால் செலுத்தவேண்டிய நஷ்டஈடும் எழுதப்பட வேண்டும்.

4. எந்தெந்த மனை எவருக்கென்று வரைபடத்திலேயே எண்ணிட்டுக் குறிக்க வேண்டும்.

5. பூர்வீகச் சொத்தாயின், பெண்மக்கள் உட்பட எல்லாப் பங்காளிகளும் கையொப்பமிட வேண்டும். 2005ஆம் வருஷத்துத் திருத்தப்படி, இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை உண்டு.

பஞ்சாயத்துத் தலைவரின் கையொப்பம் ஒன்றே மனைப்பிரிவுக்குப் போதிய அனுமதி என்று கருதுவோர் இன்னும் உளர். அது தவறு. கிராம நிர்வாக அலுவலரும் பஞ்சாயத்தாரும், காட்டில் எல்லைக்கல் நடப்படும்போதே நிலக்காரரை அழைத்து இதனை எடுத்துரைப்பின், சிறுகச் சேர்த்த பணத்தால் மனை வாங்கும் தொழிலாளரின் நஷ்டமும், வழக்குமன்றம் ஏறும் குடியானவரின் அலைச்சலும் ஒருங்கே தவிர்க்கப்படும்.