கீழூரில் யாரைக் கேட்டார்கள்?

விழுப்புரத்திலிருந்து கிழக்கே பஸ்ஸில் போனால் மதகடிப்பட்டில் புதுச்சேரி வந்துவிடும். கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாடு, அரியூரில் திரும்பவும் புதுச்சேரி. மதுக்கடை போர்டுகளைப் பார்த்தே எந்த மாநிலம் என்று சொல்லிவிடலாம். 1954 வரை இந்த மாநில எல்லைதான் இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் நடுவே ஓடிய எல்லை.

கண்டமங்கலத்துக்காரர்களை எந்த நாடு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 1947இல் அவர்கள் தானாகவே இந்தியர் ஆனார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றது 1946இன் பிரெஞ்சு அரசியல் சட்டம், 27ஆம் பிரிவு. 1882லேயே ரெனான் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர், தேசம் என்பது நாள்தோறும் நடக்கும் வாக்கெடுப்பு என்று சொல்லியிருந்தார். மொழி, மதம், இனம் எல்லாம் அப்புறம்தான். சேர்ந்து வாழும் விருப்பமே முதல் என்பது அவர் கட்சி.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இன்னொரு ஊரான சந்திரநாகூரில் அந்தச் சம்மதத்துக்காக 1949 ஜூனில் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். புதுச்சேரியில் அது நடக்கவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியில் உள்ள கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். இந்தியாவுடன் இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. பல ஆண்டுகள் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்ற புதுச்சேரி அரசியல்வாதி எத்துவார் குபேர், அந்த ஆண்டு மார்ச்சில்தான் இணைப்பு அணிக்குத் தாவியிருந்தார். கொள்கை மாற்றமா, காற்று பார்த்த கணக்கா? தமிழ்நாட்டு அரசியலைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

பொது வாக்கெடுப்பு நடந்திருந்தாலும் இணைப்பே வென்றிருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் பதில் தெரிந்ததுதானே என்று கேள்வியையே கேட்காமல் விடுவது ஜனநாயகம் ஆகாது. வேடிக்கை என்னவென்றால், சட்டப்படியான ஒப்படைப்பு முடிந்த 1962 ஆகஸ்ட் 16க்குப் பிறகு ஆளாளுக்கு அந்தக் கேள்வி வந்தது: பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் எதுவும் எழுதாமலே இந்தியர் ஆனார்கள்.

கீழூர் முடிவு சரியான முடிவு. அதை மக்கள் வாக்கெடுப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர்.