நாணயமும் வெள்ளி வட்டும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1916ஆம் ஆண்டு புதியதோர் அரை டாலர் நாணயம் வெளியிடப்பட்டது. அதனை வடிவமைத்தவர் அடால்ஃப் வைன்மன் என்னும் சிற்பி. விடுதலையைக் குறிக்கும் பெண்ணொருத்தி நாட்டுக்கொடியைப் போர்த்திக்கொண்டு, கையில் இலைக்கிளைகளை ஏந்தி, எழுகின்ற ஞாயிற்றை நோக்கி நடக்கும் காட்சி அதன் ஒரு பக்கத்தில் அமைந்திருந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி கலந்த அந்நாணயம் 1947ஆம் ஆண்டு வரை அச்சடிக்கப்பட்டது.

அழகிய அவ்வுருவம் அத்துடன் மறைந்துவிடவில்லை. அமெரிக்க அரசு 1986 முதல் வெளியிட்டுவரும் ‘சில்வர் ஈகிள்’ என்னும் வெள்ளி நாணயத்தில் அதே பெண்ணுருவம் இடம்பெற்றுள்ளது. தனியார் நிறுவனங்களும் அதனைப் பொறித்து, வட்ட வடிவ வெள்ளித் துண்டுகளைச் செய்து விற்கின்றன. இவை ‘சில்வர் ரவுண்டு’, அதாவது வெள்ளி வட்டு எனப்படும். 1913ஆம் ஆண்டின் ஐந்து சென்ட் நாணயத்தில் இருந்த பூர்வகுடி மனிதரின் முகத்தையும் காட்டெருமையையும் பொறித்த வட்டுகளும் உண்டு. பழம்பொருள் சேர்ப்போர் இவற்றை விரும்பி வாங்குகின்றனர்.

சில்வர் ஈகிள் நாணயத்தின் எடை ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 31.1 கிராம். வெள்ளி வட்டுகள் பலவும் இதே எடை உடையவை. இரண்டிலும் ஆயிரத்தில் 999 பங்கு தூய வெள்ளியே. எனினும், அவை ஒன்றல்ல. நாணயத்தில் நாட்டின் பெயரும் ‘ஒரு டாலர்’ என்னும் மதிப்பும் பொறிக்கப்பட்டிருக்கும். அம்மதிப்புக்கு அரசே பொறுப்பாகும். வட்டில் பண மதிப்பு இராது; வெள்ளியின் எடையும் தூய்மையும் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே, அதன் விலை பெரும்பாலும் அன்றைய வெள்ளி விலையைச் சார்ந்தே அமையும்.

இவ்வேறுபாட்டை அறியாதவர் இழப்புக்கு உள்ளாக நேரிடும். புதிய வட்டினை அரிய பழங்காசு என எண்ணி மிகுந்த விலை கொடுத்தவர், அதனைத் திரும்ப விற்கும்போது வெள்ளியின் விலையை மட்டுமே பெறுவார். பழைய நாணயத்தைப் போலச் செய்த படிகளில் ‘காப்பி’ என்னும் சொல் இருத்தல் வேண்டும் என்று அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், வாங்குவோரும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். முதலில் பொறிப்பைப் படிக்க வேண்டும். பின்னர் எடை பார்க்க வேண்டும். காந்தம் ஈர்த்தால் அது தூய வெள்ளி அன்று. ஆனால், செம்பையும் காந்தம் ஈர்க்காது. ஆதலால் காந்தச் சோதனை மட்டும் போதாது.

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். வெள்ளி வட்டு காசு என்னும் பொருளில் நாணயம் ஆகாது. எனினும், அதில் பொறித்த எடையும் தூய்மையும் உண்மையாயின், அதனைச் செய்தவரின் நாணயம் அதில் விளங்கும்.