சோலார் வாட்டர் ஹீட்டர்: எத்தனை லிட்டர் வாங்கலாம்?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு எக்ஸெல் சொல்லித் தருபவர்கள் மளிகைக் கணக்கு, மாத பட்ஜெட் என்றுதான் உதாரணம் கொடுப்பார்கள். இந்த மாதம் வேறு உதாரணம் எடுத்துக் கொள்வோம். மொட்டை மாடியில் வைக்கும் சோலார் வாட்டர் ஹீட்டர். ஒரு முறை வாங்கினால் பல வருடம் மாடியில் நிற்கப் போகிற பொருள். கடைக்குப் போகும் முன் கம்ப்யூட்டரில் பத்து நிமிடம் செலவிட்டால் போதும், தேவைக்கு மேல் வாங்குவதைத் தவிர்க்கலாம்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டிற்காக மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கினேன். வீட்டில் ஐந்து பேர். ஒருவர் 100 லிட்டர் எழுதிக் கொடுத்தார், இன்னொருவர் 200, மூன்றாமவர் 300. மூவருமே "ஐந்து பேருக்கு இதுதான் சார் கரெக்டா வரும்" என்றார்கள். ஒரே இன்புட்டுக்கு மூன்று அவுட்புட் வந்தால் சாப்ட்வேர் வேலை பார்ப்பவனுக்குத் தூக்கம் வராது. எக்ஸெலைத் திறந்தேன்.

ஹீட்டரிலிருந்து 60 டிகிரியில் தண்ணீர் வரும் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் யாரும் குளிக்க முடியாது. பச்சைத் தண்ணீர் கலந்து சுமார் 40 டிகிரிக்குக் கொண்டு வந்துதான் குளிக்கிறோம். எனவே, குளிக்கும் தண்ணீரின் அளவு வேறு, ஹீட்டரிலிருந்து எடுக்கும் அளவு வேறு. கடையில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும்போதுதான் குழப்பம் வருகிறது.

முதல் காலத்தில் ஐந்து தலைப்புகளை டைப் செய்யுங்கள்: நபர்கள், ஒருவருக்கு எத்தனை லிட்டர், குளிக்கும் சூடு, டேங்க் தண்ணீரின் சூடு, ஹீட்டரின் சூடு. பக்கத்துக் காலத்தில் உங்கள் வீட்டு எண்களைப் போடுங்கள். எங்கள் வீட்டிற்கு 5, 36 (18 லிட்டர் பக்கெட் இரண்டு), 40, 24, 60. இந்த 24 என்பது மார்கழி காலையில் மாடி டேங்கில் நான் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தது. இனி பார்முலா. நபர்களையும் லிட்டரையும் பெருக்குங்கள். அதைக் குளிக்கும் சூட்டுக்கும் டேங்க் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, ஹீட்டர் சூட்டுக்கும் டேங்க் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து விடுங்கள். கழித்தல் வரும் இடங்களுக்கு அடைப்புக்குறி போட மறக்காதீர்கள். 180ஐ 16ஆல் பெருக்கி 36ஆல் வகுத்தால் விடை 80 லிட்டர்.

அப்படியானால் 100 லிட்டர் போதுமே? வெயில் அடித்தால் போதும். நம் பக்கம் வெந்நீர் தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. மூட்டம் போட்ட நாளில் ஹீட்டர் 45 டிகிரிதான் தருகிறது என்று வையுங்கள். 60 இருக்கும் செல்லில் 45 என்று மாற்றினால் விடை தானாக 137 ஆகிவிடும். எக்ஸெலின் அருமை இதுதான். 35 என்று போட்டால் 262 என்று வரும். குளிக்கும் தண்ணீரே 180 லிட்டர்தான். எனவே அன்று கீசர் இல்லாமல் முடியாது என்று அர்த்தம். 150 லிட்டர் எங்களுக்குச் சரி, 300 வீண் செலவு என்று அன்றைக்கே முடிவாகி விட்டது.

மின்சாரம் எவ்வளவு மிச்சம்? லிட்டரையும் உயர்த்த வேண்டிய டிகிரியையும் பெருக்கி 860ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். 180 லிட்டரை 16 டிகிரி உயர்த்த சுமார் 3.35 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு ஏறக்குறைய 200 யூனிட். இந்த 200 உங்கள் பில்லின் மேல் அடுக்கிலிருந்து குறைகிறது, அதாவது யூனிட் விலை அதிகமான இடத்திலிருந்து. ஆனால் இதை ஆறு பில்லுக்கும் பெருக்கிக் காட்டினால் நம்பாதீர்கள். சித்திரை வெயிலில் திண்டிவனத்தில் வெந்நீர் கேட்பவர் யார்? வருடத்தில் நான்கைந்து மாதக் கணக்குதான் நிஜக் கணக்கு.

எங்கள் வீட்டில் பில்லைவிடப் பெரிய விஷயம் கொல்லைப்புற விறகு அடுப்பு. மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதி வெந்நீர் போடுவது அம்மா. அந்தப் புகையில் இருமுவது, ஏற்கெனவே மூச்சிரைப்பு உள்ள பாட்டி. எந்த பார்முலாவிலும் இதைப் போட முடியவில்லை. ஆனாலும் வாங்குவது என்று முடிவெடுக்க வைத்தது இதுதான்.

மானியம் கிடைக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். 2010இல் தொடங்கிய தேசிய சூரிய சக்தித் திட்டத்தில் வாட்டர் ஹீட்டருக்கு மத்திய அரசு மானியம் இருந்தது. இப்போது இல்லை. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பி.எம். சூர்ய கர் திட்டம் மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்கு மட்டும்.

குழாயா, தகடா?

சந்தையில் இரண்டு வகை உண்டு. இ.டி.சி. என்பது இரட்டைக் கண்ணாடிக் குழாய்; நடுவில் காற்று எடுக்கப்பட்டிருக்கும், பிளாஸ்க் மாதிரி. எஃப்.பி.சி. என்பது கண்ணாடி மூடிய கறுப்புத் தகடு. அதில் மெல்லிய செம்புக் குழாய்கள் ஓடும். எஃப்.பி.சி. உறுதியானது, விலை அதிகம். எது நல்லது என்பதை உங்கள் போர் தண்ணீர்தான் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீரைச் சூடாக்கினால் சுண்ணாம்பு படியும். செம்புக் குழாய் சீக்கிரம் அடைத்துக் கொள்ளும். கண்ணாடிக் குழாய் அகலமானது என்பதால் தாங்கும், கழுவலாம், உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். கடின நீருக்கு எஃப்.பி.சி.தான் வேண்டுமென்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள மாடலைக் கேளுங்கள். அதில் தகட்டுக்குள் ஓடும் தண்ணீர் தனி, நாம் குளிக்கும் தண்ணீர் தனி.

டி.டி.எஸ். மீட்டரை நனைத்துக் காட்டி "உங்கள் தண்ணீர் ஓ.கே." என்பார்கள். அது மொத்த உப்பைக் காட்டுமே தவிர, படிகிற கால்சியம், மெக்னீசியத்தைத் தனியே காட்டாது. கடினத்தன்மை என்ற எண்ணைக் கேளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 200 மி.கி., அதிகபட்சம் 600. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். தண்ணீர் கரித்தால் டேங்கின் உள்பக்க ஸ்டீல் எந்த கிரேடு என்றும் கேட்டுக் கொள்ளுங்கள். குளோரைடுக்கு 304ஐ விட 316 நன்றாகத் தாங்கும்.

டேங்கின் காப்பு உறையையும் பாருங்கள். பகலில் சூடாவதை நாம் மறுநாள் விடியற்காலையில்தான் பயன்படுத்துகிறோம். 1891இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் கெம்ப் விற்ற முதல் சோலார் ஹீட்டரின் குறையே இதுதான், ராத்திரியில் ஆறிவிடும். 1909இல் வில்லியம் பெய்லி டேங்கைத் தனியே பிரித்து உறை போட்ட பிறகுதான் காலையிலும் வெந்நீர் கிடைத்தது. "எங்களுடையது 80 டிகிரி போகும்" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். நம் மாவட்டத்திலேயே, வானூர் வட்டத்து ஆரோவிலில், சோலார் கிச்சன் கூரைமேல் 15 மீட்டர் விட்டமுள்ள ஒரு கிண்ணம் கட்டினார்கள். அது சமையலுக்கு நீராவி எடுக்க. நமக்கு வேண்டியது 40 டிகிரி.

எங்கே வைப்பது?

இதற்கு ஸ்டெல்லேரியம் என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்யுங்கள். எஃப்6 கீயை அழுத்தி உங்கள் ஊரைத் தேர்ந்தெடுங்கள். எஃப்5ஐ அழுத்தி டிசம்பர் 22, காலை 9 மணி என்று கொடுங்கள். சூரியன் மீது கிளிக் செய்தால் உயரம் சுமார் 32 டிகிரி, திசை தென்கிழக்கு என்று தெரியும். அந்த நேரத்தில் 2 மீட்டர் உயரமுள்ள தண்ணீர் டேங்கின் நிழல் வடமேற்கே 3 மீட்டருக்கு மேல் நீளும். ஹீட்டரை அந்த நிழலில் வைத்தால் காலை வெயில் போச்சு. ஆள் வந்து பார்ப்பது பெரும்பாலும் கோடையில் உச்சி வெயிலில். அப்போது மாடியில் நிழலே தெரியாது. முகம் தெற்கு நோக்கியும், சாய்வு 27 டிகிரியை ஒட்டியும் இருக்கட்டும். நம் அட்சரேகை 12, குளிர்காலத்துக்காக 15 கூட்டிக் கொள்கிறோம்.

பைப் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண பி.வி.சி. கூடாது, சி.பி.வி.சி. போட்டு மேலே உறை சுற்றுங்கள். முக்கால் இஞ்ச் பைப்பில் மீட்டருக்கு சுமார் 0.3 லிட்டர் நிற்கும். மாடியிலிருந்து கீழ்த்தள பாத்ரூமுக்கு 15 மீட்டர் என்றால், சூடு வருமுன் நாலரை லிட்டர் ஆறிய தண்ணீர் வரும். அதை வீணாக்காமல் பக்கெட்டில் பிடித்துக் கலந்து கொள்ளலாம். அரை இஞ்ச் போட்டால் இது ஏறக்குறைய பாதியாகும், ஆனால் வேகம் குறையும். பச்சைத் தண்ணீர் டேங்கின் அடிப்பாகம் ஹீட்டர் டேங்கைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே அளந்து விடுங்கள். இல்லையென்றால் டேங்கைத் தூக்கிவைக்கும் செலவு கொட்டேஷனுக்கு வெளியே வரும்.

ஸ்டாண்டை மாடியில் சும்மா நிறுத்திவிட்டுப் போக விடாதீர்கள். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று புயல்கள் கரையேறிய பகுதி இது. கான்கிரீட் பீடம் போட்டு போல்ட் அடிக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடிக் குழாய் வகை என்றால், முதல் முறை தண்ணீர் நிரப்புவதை விடியற்காலையிலோ, பொழுது சாய்ந்த பிறகோ வைத்துக் கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்த காலிக் குழாய் 200 டிகிரியைக்கூடத் தாண்டியிருக்கும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். பொருத்த வருபவர் மத்தியானம் வந்து அவசரப்பட்டால், ஒரு டீ கொடுத்து, சாயந்திரம் வரை உட்கார வையுங்கள்.